ஸ்ட்ரீமருக்கும் டாக்குக்கும் நடுவே எந்த கேபிள்? வேலூர் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணா, பெட்டி ரெண்டும் வந்துடுச்சு. பின்னாடி நாலு ஓட்டை இருக்கு. எதுல சொருகறது?"

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்ட கேள்வி இது. பாட்டு கேட்பதற்கென்று முதல் முறையாக ஸ்ட்ரீமரும் டாக்கும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். அவருக்குப் போனில் சொன்னதையும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டில் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்டு டிஸ்க்கிலிருந்தோ பாட்டை எடுத்து, எண்களாகவே வெளியே அனுப்புவது ஸ்ட்ரீமர். அந்த எண்களை வாங்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக மாற்றுவது டாக். இந்த இரண்டுக்கும் நடுவே ஓடுவது எண்கள் மட்டுமே. அந்த எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டால், விலை உயர்ந்த கேபிள் அதில் இனிமையைக் கூட்டப் போவதில்லை. ஆனால் எண்களோடு சேர்ந்து வேறொன்றும் கேபிளில் போகிறது: உங்கள் வீட்டு மின்சாரத்தின் இரைச்சல். அதனால்தான் எந்த இணைப்பு நல்லது என்பதற்கு எல்லா வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. வீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இரண்டு பெட்டியின் முதுகையும் பாருங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமரில் 'அவுட்' என்று போட்ட டிஜிட்டல் ஓட்டைகளை ஒரு பக்கமும், டாக்கில் 'இன்' என்று போட்டவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். இரண்டு பக்கத்திலும் இருப்பவை மட்டும்தான் உங்களுக்கான வழிகள். பல நேரம் கேள்வி இங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்றாக இருக்கும்.

சின்னக் கதவு போல மூடியோடு சதுரமாக இருப்பது ஆப்டிகல். டாஸ்லிங்க் என்றும் சொல்வார்கள். தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்தது. டிவிடி பிளேயரில் பார்த்த அதே வட்டமான ஆர்சிஏ ஓட்டை, பெரும்பாலும் ஆரஞ்சோ கறுப்போ, கோஆக்சியல். டாக்கின் பின்னால் கொஞ்சம் கனமான சதுர யூஎஸ்பி ஓட்டை இருக்கும். பிரிண்டரில் இருப்பதும் அதேதான். புதிய டாக்குகளில் அந்த இடத்தில் டைப்-சி இருக்கும்.

யூஎஸ்பி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்ட்ரீமரில் யூஎஸ்பி ஓட்டை இருப்பதாலேயே அதிலிருந்து பாட்டு வெளியே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சிலவற்றில் அது கரண்ட் கொடுக்க மட்டும். சிலவற்றில் பென் டிரைவ் மாட்ட மட்டும். விம் என்ற நிறுவனத்தின் ஸ்ட்ரீமர்களையே பாருங்கள்: விம் மினியில் டிஜிட்டல் வெளியீடு ஆப்டிகல் ஒன்றுதான். விம் புரோவில் ஆப்டிகலும் கோஆக்சியலும் உண்டு. அதிலுள்ள டைப்-சி மின்சாரத்துக்கு. விம் அல்ட்ராவில்தான் யூஎஸ்பி வழியாகவும் பாட்டு வெளியே வருகிறது. ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரை வைத்துச் சொந்தமாக ஸ்ட்ரீமர் செய்கிறவர்களுக்கு யூஎஸ்பி தயாராகவே இருக்கும். ஆப்டிகலோ கோஆக்சியலோ வேண்டுமென்றால் அதன் தலையில் தனியாக ஒரு போர்டு பொருத்த வேண்டும்.

நீங்கள் கேட்பது என்ன?

அட்டைப் பெட்டியில் 768 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலியை அளந்து எண்ணாக்கினார்கள் என்பது கிலோஹெர்ட்ஸ்; ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கம் என்பது பிட். உங்களிடம் இருக்கும் பாட்டுகளைப் பாருங்கள். சிடியிலிருந்து ஃப்ளாக் ஆக (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பாக) எடுத்து வைத்ததெல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். கணக்குப் போட்டால் நொடிக்கு சுமார் 14 லட்சம் பிட். இதை எந்த இணைப்பும் சிரமமில்லாமல் தாங்கும். ஸ்ட்ரீமிங் சேவைகளில் கிடைக்கும் உயர்தரப் பதிவுகளின் உச்சம் வழக்கமாக 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதுவே நொடிக்கு சுமார் 92 லட்சம் பிட்தான்.

ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸ் வரை பயமில்லாமல் போகும். அதற்கு மேல் 176.4, 192 என்றால் அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி, கேபிள் மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். சில ஜோடிகளில் சுத்தமாக ஓடும், சிலவற்றில் படபடவென்று வெட்டும். கோஆக்சியல் 192 வரை பொதுவாக நிம்மதி. அதற்கும் மேலே, அல்லது டிஎஸ்டி (சூப்பர் ஆடியோ சிடியில் வரும் பதிவு முறை) கோப்புகளை முழு அளவில் கேட்க வேண்டுமென்றால், யூஎஸ்பிதான் வழி.

என் பழைய சினிமாப் பாட்டுச் சேமிப்பிலும் கச்சேரிப் பதிவுகளிலும் 96ஐத் தாண்டியது மிகக் குறைவு. உங்களுடையதும் அப்படித்தான் என்றால், கிலோஹெர்ட்ஸ் கணக்கை இங்கேயே விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்கு வாருங்கள். அதுதான் முக்கியம்.

எர்த்தைக் கவனியுங்கள்

குடியாத்தத்தில் என் பெரியப்பா வீடு ஓடு போட்ட பழைய வீடு. மேசைக் கம்ப்யூட்டரையே ஸ்ட்ரீமராக வைத்து, யூஎஸ்பி கேபிளில் டாக்குக்குக் கொடுத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர் அறையின் எதிர்ச் சுவரில், வேறு பிளக்கில். மார்கழியில் நன்றாக இருந்த செட், சித்திரை வந்ததும் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. பாட்டை நிறுத்தினாலும் இரைச்சல் நிற்கவில்லை. டாக் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக வாங்கக் கிளம்பிவிட்டார்.

நான் போய் முதலில் செய்தது, டாக்குக்குப் போகும் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கியதுதான். இரைச்சல் உடனே நின்றது. அப்படியென்றால் டாக்கில் கோளாறு இல்லை, கிரவுண்ட் லூப். கம்ப்யூட்டருக்கு மூன்று முள் பிளக், ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்று முள் பிளக். இரண்டும் வெவ்வேறு இடத்தில் எர்த்தைத் தொடுகின்றன. அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறிய வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், இரண்டையும் இணைக்கும் கேபிளின் கிரவுண்ட் வழியே கரண்ட் ஓடத் தொடங்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது அடித்தொண்டை முனகலாகக் கேட்கும். இந்தக் கரண்ட் டிஜிட்டல் எண்களைக் கெடுப்பதில்லை. டாக்கைத் தாண்டி, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் அனலாக் ஒயரில் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் பாட்டு சரியாகவும், அடியில் இரைச்சலாகவும் கேட்கிறது.

சித்திரையில் ஏன்? எர்த் குழியில் மண் ஈரமாக இருந்தால்தான் மின்சாரம் சுலபமாக இறங்கும். வேலூர் வெயிலில் மண் காய்ந்து பாளம் பாளமாகிவிடும்; எர்த்தின் தடை ஏறிவிடும். பிறகு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலிருந்தும் கசிவது எர்த் ஒயரிலேயே தேங்கி நிற்கும். எலக்ட்ரீஷியன் வந்து குழியைச் சுத்தம் செய்து தண்ணீர் விட்டதில் இரைச்சல் பாதி குறைந்தது. கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஆப்டிகல் வெளியீடு இருந்ததால் யூஎஸ்பியை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டோம். மீதிப் பாதியும் போய்விட்டது. புது டாக் வாங்கவில்லை.

ஆப்டிகல் கேபிளில் போவது சிவப்பு வெளிச்சம். உள்ளே செம்பு இல்லை, பிளாஸ்டிக் இழைதான். ஒரு பெட்டியின் மின்சார அழுக்கு அடுத்த பெட்டிக்குப் போக வழியே இல்லை. கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கமுள்ள பழைய வீடுகளில் எர்த் ஒயரே இழுக்காத பிளக் பாயிண்டுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் யோசிக்காமல் சொல்வது ஆப்டிகல்.

ஒன்றை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பது, எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது. இரைச்சல் நிற்கலாம். ஆனால் உள்ளே எங்காவது லைன் கசிந்தால் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பே ஷாக் அடிக்கும். வீட்டில் குழந்தைகள் தொடும் பொருள் அது. டாக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்ட்ரீமருக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கரண்ட் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். கேபிள் டிவி ஒயர் செட்டாப் பாக்ஸ் வழியாக இதே ஆம்ப்ளிஃபயரில் சேர்ந்திருந்தால், அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அதுவும் வெளியிலிருந்து ஒரு கிரவுண்டை வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

ஒவ்வொரு கேபிளையும் வாங்கும்போது

ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமல் அழுத்திச் சொருகி, ஸ்ட்ரீமரின் கதவை உடைத்தவர்கள் உண்டு. தொப்பியைக் கழற்றி, தட்டையான பக்கம் எது என்று பார்த்து, 'க்ளிக்' என்று உட்காரும் வரை மெதுவாகத் தள்ளுங்கள். கேபிளை மடக்காதீர்கள், மூலையில் திருப்பும்போது வளையல் அளவுக்காவது வளைவு இருக்கட்டும். 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமர் ஓடும்போது மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் சிவப்புப் புள்ளி தெரியும். தெரியாவிட்டால் ஸ்ட்ரீமரின் அமைப்பில் ஆப்டிகல் வெளியீடு அணைந்திருக்கலாம். சில பழைய கருவிகளில் ஹெட்ஃபோன் ஓட்டையிலேயே ஆப்டிகலும் வரும். அதற்கு உருண்டை முனை கொண்ட மினி டாஸ்லிங்க் கேபிள் கேட்டு வாங்க வேண்டும்.

கோஆக்சியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும். இதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். வீட்டில் பழைய டிவிடி பிளேயரோடு வந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கேபிள் பரணில் கிடக்கிறதா? அதில் மஞ்சள் வீடியோவுக்கானது, வீடியோவுக்கும் வேண்டியது அதே 75 ஓம்தான். மஞ்சளை மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். காந்தி நகர் தம்பி வீட்டில் முதல் இரண்டு வாரம் பாட்டு ஓடியது அவர் அம்மா எடுத்து வைத்திருந்த மஞ்சள் கேபிளில்தான். பிறகு நல்ல உறை போட்ட கேபிள் ஒன்று வாங்கினார். அதற்குக் காரணம் ஒலி இல்லை, மஞ்சளின் பிளக் தளர்ந்து ஆடியதுதான். கோஆக்சியலில் செம்பு இருப்பதால் மேலே சொன்ன எர்த் தொல்லை இதிலும் வரலாம். சில டாக்குகளில் உள்ளே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்து அதைத் தடுத்திருப்பார்கள்.

யூஎஸ்பியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்டிகலிலும் கோஆக்சியலிலும் தாளம் போடுவது ஸ்ட்ரீமர். எண்களோடு சேர்த்தே தாளத்தையும் அனுப்புகிறது. டாக் அதைக் காதால் வாங்கி, அதற்கு ஒத்து நடக்க வேண்டும். அனுப்புகிறவரின் தாளம் இம்மி இம்மியாகத் தள்ளாடினால் அதற்கு ஜிட்டர் என்று பெயர். அசிங்க்ரனஸ் யூஎஸ்பியில் கதை மாறுகிறது. தாளம் டாக்கின் கையில். "இப்போது கொஞ்சம் அதிகமாக அனுப்பு, இப்போது கொஞ்சம் குறை" என்று டாக்கே ஸ்ட்ரீமருக்குச் சொல்லிச் சொல்லி வாங்கிக்கொள்கிறது. கொள்கை அளவில் இதுதான் சிறந்த ஏற்பாடு. ஆனால் இன்றைய டாக்குகள் ஆப்டிகலில் வரும் தாளத்தையும் உள்ளே சீராக்கிக்கொள்கின்றன. ஓரளவு நல்ல டாக்கில் ஜிட்டர் வித்தியாசத்தை என் காதால் பிரிக்க முடிந்ததில்லை. எர்த் இரைச்சலை யாராலும் பிரிக்க முடியும். அதனால்தான் முதலில் எர்த்தைப் பாருங்கள் என்கிறேன்.

யூஎஸ்பிக்குப் பிரிண்டர் கேபிள் போதும். பிரிண்டர் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். 2 மீட்டருக்குள் வாங்குங்கள். டாக்குக்கு யூஎஸ்பியிலேயே கரண்ட் போகிறதா, தனி அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக இருந்தால் நல்லது. ராஸ்பெரி பை என்றால் 4 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாக எடுங்கள். 3 வரை நெட்வொர்க்கும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொண்டன, 4இல் அவை பிரிந்துவிட்டன. வால்யூமியோ போன்ற மென்பொருளைப் போட்டால் டாக்கைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் பழைய பதிப்பு இருந்தால் டாக்குக்குத் தனி டிரைவர் போட வேண்டும். விண்டோஸ் 10இன் 2017 அப்டேட்டிலிருந்து பொதுவான டிரைவர் உள்ளேயே வருகிறது.

இன்னும் இரண்டு வகை உண்டு. மைக்கில் இருப்பது போன்ற மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பிளக் இருந்தால் அது ஏஇஎஸ். ஸ்டுடியோக்காரர்கள் நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்துவது. 110 ஓம் கேபிள். இரண்டு பெட்டியிலும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எச்டிஎம்ஐ வடிவத்தில் 'ஐ-ஸ்கொயர்-எஸ்' என்று எழுதியிருந்தால் புதியவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பேன். ஒரே போர்டில் அருகருகே இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்வதற்காக ஃபிலிப்ஸ் 1986இல் வகுத்த முறை அது. வெளியே கேபிளில் கொண்டுவரும்போது எந்த ஊசியில் எது என்பதற்குப் பொதுவான விதி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொருந்தாவிட்டால் இடம் வலம் மாறும், அல்லது வெறும் இரைச்சல் வரும். அந்த ஓட்டையில் டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகவே கூடாது.

இங்கே கடையில் கிடைக்காததற்குக் காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று கேபிளுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இணைக்கும் வரிசை

எல்லாவற்றையும் அணையுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை முழுவதும் குறைத்து வையுங்கள். கேபிளைப் போடுங்கள். முதலில் ஸ்ட்ரீமர், அப்புறம் டாக், கடைசியில் ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர்தான் முதலில். ஸ்பீக்கரில் 'டப்' என்ற அடி விழாமல் இருக்க இது உதவும்.

டாக்கில் எந்த உள்ளீடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பல பேர் இதை மறந்துவிட்டுத்தான் கேபிளைச் சந்தேகிக்கிறார்கள். பிறகு ஸ்ட்ரீமரின் செயலியில் எந்த வெளியீடு என்று தேர்ந்தெடுங்கள். வால்யூமை ஒரே இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமரில் 'ஃபிக்ஸட்' என்று போட்டு முழுதாக அனுப்பிவிட்டு, ஏற்றுவதும் இறக்குவதும் ஆம்ப்ளிஃபயரில் செய்வதே நல்லது. அப்படிப் போட்ட பிறகு முதல் பாட்டைத் தொடங்கும் முன் ஆம்ப்ளிஃபயர் வால்யூம் கீழே இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சிறிய பகுதியான ட்வீட்டர் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

சரியாகப் போகிறதா என்று பார்ப்பது

டாக்கின் திரையிலோ விளக்கிலோ எத்தனை கிலோஹெர்ட்ஸ் வருகிறது என்று காட்டும். 44.1 பாட்டு ஒன்று, 96 ஒன்று, 192 ஒன்று போட்டுப் பாருங்கள். எண் மாறினால் உள்ளது உள்ளபடி போகிறது. எதைப் போட்டாலும் 48 என்றே காட்டினால், நடுவில் ஏதோ ஒன்று மாற்றி அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு போனிலும் விண்டோஸிலும் இது வழக்கம். அமைப்பில் போய்ச் சரி செய்ய வேண்டும்.

192இல் மட்டும் வெட்டினால் ஆப்டிகலின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். வேறு கேபிள் ஒன்று போட்டுப் பாருங்கள். அதிலும் வெட்டினால் ஸ்ட்ரீமரில் உச்சவரம்பை 96 என்று வைத்துவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள். எல்லாப் பாட்டிலும் எப்போதாவது 'டிக் டிக்' என்று கேட்டால் பிளக் தளர்வு அல்லது வைஃபை. ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பாட்டின் முதல் எழுத்தும் விழுங்கப்படுகிறதா? ஒரு பாட்டு 44.1, அடுத்தது 96 என்று மாறும்போது டாக் புதுத் தாளத்தைப் பிடிக்கக் கால் நொடி, அரை நொடி எடுக்கும். தம்புராவோடு மெல்ல எழும் ஆலாபனையின் ஆரம்பம் இதில் காணாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. ஆல்பம் ஆல்பமாகக் கேட்டால் இந்தத் தொல்லை வராது. சில ஸ்ட்ரீமர்களில் பாட்டுக்கு முன்னால் சிறிது மௌனம் சேர்க்கும் வசதியும் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

டிவியையும் இதே டாக்கில் ஆப்டிகலில் சேர்க்கிறவர்கள், டிவியின் ஒலி அமைப்பில் 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண எண் வடிவம்) என்று மாற்றுங்கள். டால்பி என்றே விட்டால் டாக்குக்கு அது புரியாது. சத்தமே வராது அல்லது கரகரக்கும்.

காந்தி நகர் தம்பியின் வீட்டில் கடைசியில் என்ன ஆயிற்று என்றால், யூஎஸ்பியும் கோஆக்சியலும் ஆப்டிகலும் மூன்றையும் ஒரே பாட்டில் மாற்றி மாற்றிக் கேட்டோம். புது வீடு, எர்த் நன்றாக இருந்தது. மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. கோஆக்சியலை ஸ்ட்ரீமருக்கும் ஆப்டிகலை டிவிக்கும் கொடுத்துவிட்டு, யூஎஸ்பியை அவருடைய லேப்டாப்புக்காக விட்டுவைத்தோம்.

பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு பக்கமும் காற்று போகட்டும். கோடை மழைக்கு முன்னால் இடி இடிக்கத் தொடங்கியதும் பிளக்குகளைப் பிடுங்குங்கள். ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். ஆப்டிகல் கேபிளை மட்டும் அப்படியே விடலாம்.